முதல் 40 விநாடி

எங்கள் குறும்படத்தின் தொடக்கக் காட்சி 40 விநாடிதான்; ஆறு ஷாட்டுகள். பால்மரம் வெட்டும் பெண்ணின் துயரத்தைச் சொல்ல, சோக இசைக்குக்கூட இடம் குறித்து வைத்திருந்தேன்.

சித்தப்பாவின் சிறுதோட்டத்தில் ஒத்திகைப் படப்பிடிப்பு. வெளிச்சத்திற்காகக் காலை 9 மணி என்றேன். பாட்டி சிரித்தார்.

"வெயில் ஏறிட்டா பால் இறங்குமாடா?"

மறுநாள் விடியற்காலை 5.30க்கே போனோம். தலைவிளக்கு மட்டுமே வெளிச்சம். ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றியதில் படமெங்கும் புள்ளிகள். நடித்த தோழியின் கத்தியோ பட்டையைத் தாண்டி மரத்திலேயே இறங்கிவிட்டது.

பாட்டி பொறுக்கமாட்டாமல் கத்தியை வாங்கினார். இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சாய்ந்த பழைய கோட்டின் வழியே கத்தி போனது. தாள்போலப் பட்டை சுருண்டு விழ, பால் கசிந்து மங்குக்கு இறங்கியது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது நல்லதாயிற்று.

பதிவைப் போட்டுக் காட்டினோம். பாட்டி தம்மைப் பார்க்கவில்லை. தோழி வெட்டிய மரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"காயம் பட்டுருச்சே. இந்த எடத்துல இனிமே பட்டை ஒழுங்கா வளராது."

நாற்பது ஆண்டுகள் மரத்தைக் காயப்படுத்தாமல் பாலெடுத்த கை அது. நான் எழுதி வைத்திருந்ததோ வெறும் பரிதாபம்.

அன்றிரவே சோக இசைக் குறிப்பை அடித்துவிட்டேன். இப்போது முதல் ஷாட்டில் முகமே இல்லை. இருட்டும் பாட்டியின் கையும்தான்.