பாதிக்கு முன்னாடியே திரும்பணும் - ஒரு படகு பேட்டரி புராணம்

ரொம்ப நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம், இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. இன்னிக்கு ஒரு பேட்டரி மேட்டர். படிச்சது ட்ரிபிள்-ஈ, தட்டுறது ஜாவா. படிச்ச படிப்பு எட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் உதவியிருக்கு, அதை ஊருக்குச் சொல்லாம இருக்க முடியுமா?

"பொட்டி தட்டுறவனுக்குப் படகு எதுக்குய்யா?"ன்னு கேட்டுடாதீங்க. மின்னசோட்டாவுல பாதி வருஷம் பனி, மீதி வருஷம் ஏரி. வேற பொழுதுபோக்கு கிடையாது. நானும் ஆபீஸ் நண்பர் ஒருத்தரும் பங்கு போட்டு 12 அடி அலுமினியப் படகு ஒண்ணைப் பழசா வாங்கினோம். மினியாபோலிஸ் நகர ஏரிகள்ல பெட்ரோல் மோட்டாருக்கு அனுமதி இல்லை. துடுப்பு போடலாம், பாய் கட்டலாம், இல்லேன்னா மின்சார மோட்டார். இதை 'ட்ரோலிங் மோட்டார்'னு சொல்றாங்க. இதுல பேர் போன மின் கோட்டா, 1934-ல் பக்கத்து மாநிலமான வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவுல பிறந்தது. மின்னசோட்டா பாதி, டகோட்டா பாதி, பேர் ரெடி!

மோட்டார் வாங்குறது சுலபம். படகு, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 100 பவுண்டு எடைக்குக் குறைஞ்சது 2 பவுண்டு தள்ளுவிசைன்னு ஒரு கணக்கு. எங்க படகு மூணு ஆளோட 700 பவுண்டு வரும். கணக்குப்படி 14 போதும், காத்துக்கும் சேர்த்து 30 பவுண்டு மோட்டார் எடுத்தோம். முழு வேகத்துல 30 ஆம்பியர் குடிக்கும்.

பேட்டரிதான் சிக்கல். 2024 மே மாசம் எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம், ரெண்டு சின்னப் பசங்களோட ஏரிக்குப் போனாங்க. கடையில 'மரைன்'னு ஸ்டிக்கர் ஒட்டின பேட்டரியைக் கொடுத்திருக்காங்க. அது இன்ஜினை ஸ்டார்ட் பண்றதுக்கான ரகம். நடு ஏரியில மோட்டார் நின்னுபோச்சு. காத்து எதிர்த்திசையில. மே மாசத் தண்ணி இங்க ஐஸ் உருகி ஒரு மாசம்தான் ஆகியிருக்கும். விழுந்தா நீச்சல் தெரிஞ்சவனுக்கே மூச்சு முட்டும். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாங்க, ஒத்தைத் துடுப்பால ஒன்றரை மணி நேரம் வலிச்சுக் கரை சேர்ந்தாங்க. அந்தச் சின்னப் பையன் அதுக்கப்புறம் படகுப் பக்கமே வரலை.

விஷயம் இதுதான். கார் பேட்டரியில மெல்லிசான தகடுகள் நிறைய இருக்கும். சில வினாடிக்கு நூத்துக்கணக்கான ஆம்பியரை அள்ளி விடும், உடனே கார் ஆல்டர்னேட்டர் திரும்ப நிரப்பிடும். டீப் சைக்கிள் பேட்டரியில தகடு தடிமன், எண்ணிக்கை கம்மி. மெதுவா, மணிக்கணக்குல கொடுக்கும். லேபிள்ல 'கிராங்கிங் ஆம்ப்ஸ்' மட்டும் பெருசா போட்டு, ஆம்பியர்-அவர் எங்கேயும் இல்லைன்னா அதை வெச்சுட்டு வந்துடுங்க.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசு இல்லை. 2012 மின்வெட்டு ஞாபகம் இருக்கா? நான் அப்ப பத்தாவது. வீட்டுல இன்வெர்ட்டர் வெச்சிருந்தோம்ல, அந்தக் குண்டு ட்யூபுலர் பேட்டரியும் டீப் சைக்கிள்தான்.

அடுத்து அந்த லேபிள் கணக்கு. 100 ஆம்பியர்-அவர்னு போட்டிருந்தா, 30 ஆம்பியர்ல மூணேகால் மணி நேரம் ஓடும்னு நினைப்போம். ஓடாது. அந்த 100, இருபது மணி நேரத்துக்கு 5 ஆம்பியர் வீதம் எடுத்தாக் கிடைக்கிற கணக்கு. வேகமா உறிஞ்சினா கிடைக்கிறதே குறையும். இதை பியூக்கர்ட்ங்கிற ஜெர்மன்காரர் 1897-லேயே சூத்திரமா எழுதி வெச்சுட்டார். சாதாரண லெட் ஆசிட் பேட்டரிக்கு அவர் சூத்திரத்துல 1.2-ன்னு போட்டா, 30 ஆம்பியர்ல சுமார் 70 ஆம்பியர்-அவர்தான் வருது. அதாவது 2 மணி 20 நிமிஷம். அதுலயும் பாதிக்கு மேல காலி பண்ணா பேட்டரி ஆயுசு போயிடும். ஆக, நிஜமா கையில இருக்கிறது 1 மணி 10 நிமிஷம்!

இன்னொரு விஷயம், தண்ணியில வேகத்தை ரெண்டு மடங்காக்கணும்னா சுமார் எட்டு மடங்கு சக்தி வேணும். கொஞ்சம் மெதுவாப் போனா ரொம்ப தூரம் போகலாம். அவசரம்னா பார்க்கிங்லயே இருந்துக்கலாம்.

2025 ஜூன்ல அப்பா, அம்மா வந்தாங்க. அப்பா அரசு பஸ் கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனவர். ஏரியைப் பார்த்ததும் "படகு எங்கடா?"ன்னார். எனக்கு வயித்துல புளி கரைஞ்சது. 2023-ல அவருக்கு ஸ்டென்ட் வெச்சதையே அம்மா ரெண்டு வாரம் கழிச்சுத்தான் போன்ல சொன்னாங்க. "நீ அங்க தனியாக் கிடந்து தவிப்ப"ன்னாங்களாம். அவரை வெச்சுக்கிட்டு நடு ஏரியில நிக்குற வேலையே வேணாம்னு, லெட் ஆசிட்டை விட்டுட்டு லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்குப் போனேன். விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆனா லெட் ஆசிட் 28 கிலோ, இது 12 கிலோ. நான் இருக்கிறது மூணாவது மாடி. 30 ஆம்பியர் எடுத்தாலும் 100-ல கிட்டத்தட்ட முழுசும் கிடைக்கும். 80 சதவீதம் வரை காலி பண்ணாலும் கோவிச்சுக்காது.

எல்லாத்தையும் விளக்கிட்டு, கெத்தா அப்பாவைப் பார்த்தேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "தீரப் போகுதுன்னு எப்படிடா தெரியும்?"

நியாயமான கேள்விங்க. லெட் ஆசிட்ல வோல்டேஜ் படிப்படியா இறங்கும். முழுசா இருந்தா 12.7, பாதின்னா சுமார் 12.1 (ஓட்டி முடிச்சு சில மணி நேரம் சும்மா விட்டுட்டு அளக்கணும்). மோட்டாரே சோர்ந்து போய்ச் சொல்லிடும். லித்தியத்துல வோல்டேஜ் கடைசி வரை ஒரே மாதிரி நிக்கும். அப்புறம் உள்ள இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட் பட்டுன்னு வெட்டிடும்.

"அப்ப பழசு சொல்லிட்டுச் சாகும், இது சொல்லாமச் சாகும்"னார் அப்பா.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாங்க. நான் வாயைத் திறக்கலை.

அன்னிக்கு ராத்திரியே ஷன்ட் வெச்ச பேட்டரி மானிட்டர் ஒண்ணு ஆர்டர் பண்ணேன். உள்ள போற, வெளிய வர்ற ஒவ்வொரு ஆம்பியரையும் எண்ணி, மிச்சம் எத்தனை சதவீதம்னு காட்டும். லித்தியம் வாங்குறவங்க இதையும் சேர்த்தே வாங்குங்க, தனிச் செலவா நினைக்காதீங்க. பேட்டரிக்குப் பக்கத்துலயே சரியான அளவு சர்க்யூட் பிரேக்கரும் கட்டாயம்.

இனி சார்ஜிங். பேட்டரியைக் கொல்றது பெரும்பாலும் ஏரி இல்லை, சார்ஜர்தான்.

லெட் ஆசிட்னா, கரைக்கு வந்த அன்னிக்கே சார்ஜ் போடணும். காலியா விட்டா தகட்டுல சல்ஃபேட் இறுகிடும், அப்புறம் இளக்குறது கஷ்டம். 100 ஆம்பியர்-அவருக்கு 10 ஆம்பியர் சார்ஜர் போதும். முதல்ல வேகமா ஏத்தி, அப்புறம் 14.4-லேருந்து 14.8 வோல்ட்டுக்குள்ள பிடிச்சு மெதுவா நிரப்பி, கடைசியா 13.5 பக்கம் இறக்கி விடுற மூணு கட்ட சார்ஜரா இருக்கட்டும். கடைசி 20 சதவீதம் ஏறத்தான் நேரமாகும், ராத்திரி முழுக்க விட்டுடுங்க. ஜெல் ரகத்துக்கு 14.1 பக்கம்தான் தாங்கும், சார்ஜர்ல ரகத்தை மாத்த மறக்காதீங்க. தண்ணி ஊத்துற ரகம்னா டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் சார்ஜ் முடிஞ்ச பிறகு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காத்தோட்டமான இடம் வேணும், பக்கத்துல சாம்பிராணி போடக் கூடாது.

லித்தியத்துக்கு அதுக்குன்னே இருக்கிற சார்ஜர். 14.2-லேருந்து 14.6. ஆனா 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் போடவே கூடாது; உள்ள லித்தியம் உலோகமாப் படிஞ்சு பேட்டரி கெட்டுடும். மின்னசோட்டாவுல இது சின்ன விஷயம் இல்லை. குளிர்காலத்துல பாதி சார்ஜோட வீட்டுக்குள்ள வெச்சுடுறேன். லெட் ஆசிட்டுக்கு நேர்மாறு: முழுசா ஏத்தி வைக்கணும். முழு சார்ஜ்ல இருந்தா இங்கத்த குளிர்ல உறையாது, காலியா இருந்தா மைனஸ் 8 பக்கத்துலயே உறைஞ்சு வெடிப்பு விட்டுடும்.

ஏரியில எங்க சட்டம் ரெண்டுதான். போகும்போது காத்தை எதிர்த்துப் போகணும், வரும்போது அதுவே தள்ளிவிடும். மானிட்டர்ல 60 வந்ததும் மறுபேச்சு இல்லாம திரும்பணும். அந்தக் கோடை முழுக்க மானிட்டர் அப்பா கையிலதான். "அறுபது. ஹோல்டான், திருப்பு"ம்பார். "இன்னும் நிறைய இருக்குப்பா"ன்னா, "திரும்பி வர்ற டிக்கெட்டை எவனாவது பாதி வழியில விப்பானா?"ம்பார்.

இப்ப அவர் ஊர்ல. ஞாயித்துக்கிழமை போன்ல முதல் கேள்வி, "எத்தனையில திரும்பின?" பதில் சொல்லிட்டு, நான் அவரோட பிரஷர், சுகர் நம்பரைக் கேக்குறேன். சொல்லிடுறார், பக்கத்துல இருந்து அம்மா திருத்துறாங்க.

டிஸ்கி: நான் சொன்ன வோல்டேஜ் எல்லாம் பொதுக் கணக்கு. உங்க பேட்டரி மேல கம்பெனிக்காரன் என்ன போட்டிருக்கானோ அதுதான் வேதம். லைஃப் ஜாக்கெட்டுக்கு மட்டும் டிஸ்கி கிடையாது, எல்லாரும் போடுங்க.