தரகுக் கூலி யார் தலையில்?

வீடு வாங்கும்போது தரகுக் கூலியை யார் கொடுப்பது? வாங்குகிறவரா, விற்கிறவரா? இதற்கு விடை தெரியாமலே ஒரு வீட்டை வாங்கி, தெரியாத விடையை இன்னொருவருக்கும் சொல்லிக் கொடுத்த ஆசிரியை நான். வாசகர்களே, அந்தக் கதையை உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2016-இல் நானும் என் கணவரும் சுங்கை பட்டாணிக்கு அருகே ஒரு தாமானில் 180,000 வெள்ளிக்குப் பழைய வீடு ஒன்றை வாங்கினோம். தரகர் இனிமையாகப் பேசினார். "இரண்டு விழுக்காடு வாங்குறவங்க கொடுக்கணும், டீச்சர். அதுதான் வழக்கம்" என்றார். 3,600 வெள்ளியை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தோம். ரசீது கேட்கத் தோன்றவில்லை. படித்தவர்கள் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று எண்ணிவிட்டோம் போலும்!

சென்ற ஆண்டு ஒரு மாலை. என் மாணவியின் தந்தை பள்ளிக்கு வந்தார். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. தோட்டத்து வீட்டை என்றைக்கிருந்தாலும் காலி செய்ய வேண்டும் என்ற கவலையில், பட்டணத்தில் 150,000 வெள்ளிக்கு ஒரு வீடு பார்த்திருந்தார். மனைவிக்குத் தொழிற்சாலையில் வேலை. இருவர் சம்பளத்தையும் காட்டி வங்கியில் கடன் கேட்டிருந்தார்கள். ஊழியர் சேமநிதிப் பணம் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் கைக்கு வரும் என்பதால், முன்பணத்திற்குக் கூட்டு எடுத்து வைத்திருந்தார்.

"தரகர் 3,000 வெள்ளி கேட்கிறாரு, டீச்சர். கொடுக்கணுமா? நீங்க கொடுத்தீங்களா?" என்றார்.

"ஆமாம் அண்ணே, நாங்களும் கொடுத்தோம். அதுதான் வழக்கம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்படின்னா வீட்டுக்காரி சங்கிலியை அடகுக்கடையில வச்சிடறேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்! எதை வைத்து நான் சொன்னேன்? ஒரு தரகர் எனக்குச் சொன்னதை வைத்துத்தானே? வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி விடை எழுதினால் நான் சும்மா விடுவேனா?

மறுநாள் பள்ளி முடிந்ததும், எங்கள் வீட்டுப் பத்திரம் எழுதிய வழக்கறிஞர் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். தரகரை யார் அமர்த்தினாரோ, அவரே கூலி கொடுக்க வேண்டும். பழைய வீட்டை விற்கும்போது பெரும்பாலும் விற்பவர்தான் அமர்த்துகிறார். ஆகவே அவர்தான் கொடுக்க வேண்டும். மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்கினாலும் முகவருக்குக் கொடுப்பது மேம்பாட்டாளரே. எனக்காக ஒரு வீடு தேடிக் கொடு என்று நாமே ஒருவரை எழுத்துமூலம் அமர்த்தினால் மட்டும் நாம் கொடுக்கலாம். ஒரே விற்பனையில் இரு பக்கமும் கூலி வாங்கக் கூடாது. கூலியின் உச்ச வரம்பும் விலையில் மூன்று விழுக்காடுதான். அதற்கு மேல் சேவை வரி மட்டும் சேரும்.

"1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு இல்லாமல் இந்தத் தொழில் செய்வதே குற்றம், டீச்சர். உங்க தரகர் கழுத்தில் அட்டை மாட்டியிருந்தாரா?" என்று கேட்டார்.

இல்லை. அப்படி ஓர் அட்டை உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

நேரே லயத்திற்குப் போனேன். நல்ல வேளை! சங்கிலி கைக்குட்டையில் முடிந்து மேசைமேல் இருந்தது. "அண்ணே, நான் சொன்னது தப்பு" என்றேன். நாற்பது வயதைத் தாண்டிய ஆசிரியைக்கு அந்த ஒரு வாக்கியம் எத்தனை கனம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அவர் மனைவி ஒன்றும் பேசாமல் சங்கிலியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

தரகரிடம் அடையாள அட்டையைக் கேட்டபோது, "காரில் இருக்கு, நாளைக்குக் காட்டுறேன்" என்றாராம். அந்த நாளை வரவே இல்லை. வீட்டுக்காரரான சீனப் பெரியவரை நேரில் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அவரும் அதே தரகருக்கு மூன்று விழுக்காடு தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்! பிறகு அவரே பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றிடம் விற்பனையை ஒப்படைத்தார். கூலி 4,500 வெள்ளியை அவர்தான் கொடுத்தார்.

வாங்குகிறவருக்குச் செலவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். வழக்கறிஞர் கட்டணம் உண்டு. முத்திரைத் தீர்வை முதல் 100,000 வெள்ளிக்கு ஒரு விழுக்காடு, அதன்மேல் 500,000 வரை இரண்டு விழுக்காடு. 150,000 வெள்ளி வீட்டுக்கு அது 2,000 வெள்ளி. முதல் வீடு வாங்குவோருக்குச் சலுகை உண்டா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முகவரின் படமும் பதிவு எண்ணும் உள்ள அட்டையைப் பாருங்கள். அந்த எண்ணை நிதியமைச்சின் கீழுள்ள வாரியத்தின் பதிவேட்டில் கைத்தொலைபேசியிலேயே சரிபார்க்கலாம். முன்பணத்தைத் தனியாள் கணக்கில் போடாமல், நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கிலோ வழக்கறிஞரிடமோ கொடுத்து ரசீது வாங்குங்கள்.

என் 3,600 வெள்ளி போனது போனதுதான். இப்போது யாராவது என்னிடம் வழக்கம் என்ன என்று கேட்டால், "இருங்கள், விசாரித்துச் சொல்கிறேன்" என்கிறேன். ஆசிரியர்கள் அப்படிச் சொல்வதில் அவமானம் ஒன்றும் இல்லை.