மே மாதத்து டியூட்டிகள்

மே 4

நைட் டியூட்டி முடிந்து வந்து, குளித்துவிட்டு எழுதுகிறேன். பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் இரண்டு நாளாக எங்கள் வார்டில் இருக்கிறார். வலது கையும் காலும் வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். கூட இருக்கும் மகளுக்கும் கற்றுக்கொடுத்தேன். புரட்டுவதை உடனே பிடித்துக்கொண்டாள். எங்கே, எதைப் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் நேரம் பிடித்தது. முதுகெலும்பு முடிகிற இடம், இடுப்பெலும்பு, குதிகால், இந்த மூன்றையும் விட்டுவிடக் கூடாது. சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். அழுத்தும்போது வெளுத்து, எடுத்ததும் சிவப்பு திரும்பினால் இன்னும் நேரமிருக்கிறது. அழுத்தியும் வெளுக்காமல் நின்றால் உள்ளே புண் ஆரம்பித்துவிட்டது. சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. ஆளை இழுக்காமல் தூக்கி நகர்த்த வேண்டும். பெட்ஷீட்டில் ஒரு மடிப்புகூட இருக்கக் கூடாது.

"இதுல இவ்வளவு இருக்கா சிஸ்டர்?" என்றாள்.

விடியற்காலையில் அருணா ஷான்பாகை நினைத்துக்கொண்டிருந்தேன். மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். 1973 நவம்பர் 27 அன்று அந்த மருத்துவமனைக்குள்ளேயே, அங்கு வேலை பார்த்த ஒருவனால் தாக்கப்பட்டார். நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்ததில் மூளை பாதிக்கப்பட்டு, 2015 மே 18-ல் இறக்கும்வரை அங்கேயே படுக்கையில் கிடந்தார். அவரைக் கருணைக் கொலை செய்ய அனுமதி கேட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2011-ல் தள்ளுபடி செய்தது. அத்தனை வருடங்களில் அவர் உடம்பில் ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை என்பது அந்த வழக்கில் பேசப்பட்ட விஷயம். அவரோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றுப் போன பிறகு, அவரை நடமாடிப் பார்த்தே இராத பெண்கள் வந்து புரட்டிப் போட்டிருக்கிறார்கள். பாசம் என்று எல்லோரும் எழுதினார்கள். பாசம்தான், மறுக்கவில்லை. கூடவே ஷிஃப்டுக்கு ஷிஃப்ட், தலைமுறைக்குத் தலைமுறை கைமாறி வந்த தொழில்நுட்பமும் அது. அதையும் யாராவது எழுதியிருக்கலாம்.

மே 7

சாயங்காலம் என் ஜூனியர் ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய்த்தணிப்பு நர்ஸ். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய திட்டம் அது. பிரஷர், சுகருக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருவது எல்லோருக்கும் தெரியும். படுத்த படுக்கையானவர்களைப் பார்க்க நர்ஸ்களும் வீடு வீடாகப் போகிறார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது.

வாய்ப் புற்றுநோய் முற்றிய ஒருவரைப் பற்றிச் சொன்னாள். கன்னத்தில் புண் வெளியே வந்து நாற்றமெடுத்துவிட்டது. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்களாம். இவள் புண்ணைச் சுத்தம் செய்து, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவி, காஸ் வைத்துக் கட்டியிருக்கிறாள். அந்த நாற்றத்துக்குக் காரணமான கிருமிகளை அந்த மருந்து கொல்லும். விலையும் சொற்பம். மருமகளுக்கும் செய்துகாட்டிவிட்டு வந்திருக்கிறாள். அடுத்த வாரம் போனபோது பேரன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தானாம்.

"ஐ.சி.யு.வுல இருந்தப்ப ஒருத்தரை வார்டுக்கு அனுப்பிட்டா அதோட சரி, அப்புறம் என்ன ஆனாங்கன்னே தெரியாதுக்கா. இங்க ஒரே ஆளை மாசக்கணக்கா பார்க்கலாம்" என்றாள்.

ஐ.சி.யு.வில் இருந்த காலத்தில் இவள் வேலையை விட்டுவிடலாமா என்று என்னிடம் அழுதவள். அங்கே வேலை மோசம் என்று சொல்ல மாட்டேன். வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் முகம் மலர்கிற நர்ஸ்களும் இருக்கிறார்கள். இவளுக்கு ஏற்ற இடம் இது.

மே 9

எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் பழைய படம் ஒன்று போட்டிருந்தார்கள், தொப்பியும் ஏப்ரனுமாக. ஒரே வகுப்பில் படித்தவர்கள் இன்று எங்கெங்கோ இருக்கிறோம். ஒருத்தி டயாலிசிஸ். ஒருத்தி நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். ஒருத்தி இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ், டாக்டர்கள் கை கழுவுகிறார்களா என்று நோட்டுப் போட்டுக் கணக்கெடுக்கிறாள். ஒருத்தன் 108 ஆம்புலன்ஸில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இப்போது கேத் லேபில். தங்கை முறையாகிற ஒருத்தி கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்த ஐயாயிரம் பேரில் யார் கர்ப்பம், யாருக்கு ரத்தம் குறைவு, எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருக்கிறது.

மே 10

எங்கள் தெருவில் ஒரு பெண், பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள், ஜெர்மனி போவதற்காக ஜெர்மன் படிக்கிறாள். பி2 நிலை வரை தேற வேண்டும். அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரித்திருக்கிறாள். நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டாள். அங்கே நோயாளியைக் குளிப்பாட்டுவதும் சாப்பாடு ஊட்டுவதும் நர்ஸின் வேலைதான், நம் ஊர் மாதிரி சொந்தக்காரர்கள் செய்ய மாட்டார்கள், அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு போ என்றேன். நம் படிப்பை அவர்கள் அங்கீகரிக்கும்வரை பொறுமை வேண்டும் என்றும் சொன்னேன். போகாதே என்று சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது? தனியார் மருத்துவமனைகளில் நர்ஸ் சம்பளத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழுவைப் போட்டது. ஐம்பது படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேலிருந்தால் அரசு நர்ஸுக்கு இணையாகத் தர வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. இந்தப் பெண் வேலை பார்த்த இடத்தில் அதில் பாதிகூடத் தரவில்லை. அரசுப் பக்கமும் பெருமைப்பட முடியாது. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வெழுதி வந்தவர்களைத் தொகுப்பூதியத்தில், மாதம் 7,700 ரூபாயில்தான் எடுத்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் போராட உட்கார்ந்தது பணி நிரந்தரம் கேட்டு. வெளிநாடு போகிற பெண்ணைப் பார்த்துப் பணத்தாசை என்று பேசுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது.

மே 12

நர்ஸ் தினம். விளக்கு, உறுதிமொழி, கேக். மேடையில் வழக்கம்போல 'தியாகம்' என்று பலமுறை கேட்டது.

நைட்டிங்கேலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் கையிலிருந்தது படத்தில் போடுகிற அலாவுதீன் விளக்கு இல்லை, துணியோ காகிதமோ வைத்து மடக்குகிற துருக்கி லாந்தர் என்று ஆரம்பித்தேன். கிரிமியப் போரில் நேர்ந்த சாவுகளை மாதவாரியாகக் கணக்கெடுத்து, காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்தவர்களே அதிகம் என்று வட்ட வரைபடமாக வரைந்து அரசாங்கத்தின் முன் வைத்தவர் அவர். லண்டன் புள்ளியியல் சங்கத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராமல் இங்குள்ள சாக்கடையையும் குடிநீரையும் பற்றிப் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார். அந்த வேலையில் பெரும்பகுதியை, போரில் வந்த நோய் விடாமல், படுக்கையில் இருந்தபடிதான் செய்தார். நம் தொழிலின் முதல் பெயரே உடம்பு முறிந்த ஒருத்தியின் பெயர், அதனால் இன்றைக்கு உங்கள் உடம்பைப் பற்றியும் பேசுவோம் என்று சொல்லி, முதுகு வலி, கால் நரம்புச் சுருள், பாத்ரூம் போக முடியாமல் தண்ணீர் குடிக்காமலே வரும் சிறுநீர்த் தொற்று என்று வரிசையாகக் கேட்டேன். கை தூக்காதவர்கள் முன்வரிசையில் இருந்த விருந்தினர்கள் மட்டும்தான்.

மே 14

நைட் ஆஃப். தூங்கினேன். மாலையில் எழுந்து தம்பி மகளுக்குக் கோலம் போடக் கற்றுக்கொடுத்தேன்.

மே 16

இரண்டாம் வருட மாணவி ஒருத்திக்கு ஊசி குத்திவிட்டது. ரத்தம் எடுத்த ஊசி, மூடி போடப் போகும்போது. முகம் வெளுத்துப்போய், விரலைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். பிதுக்காதே, குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவு என்று கூட்டிப்போனேன். நோயாளிக்குப் பரிசோதனை எழுதச் சொன்னோம். எச்.ஐ.வி. உள்ளவரின் ஊசியாக இருந்தாலும் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான், மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும் என்று விளக்கினேன். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி அதைவிடப் பல மடங்கு தொற்றும். நல்லவேளை, இவள் மூன்று டோஸும் போட்டிருக்கிறாள். ரிசல்ட் நெகட்டிவ் என்று வர சாயங்காலம் ஆனது. அதுவரை ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்திலேயே உட்காரவைத்திருந்தேன். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மேடம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவளைத் திட்ட இரண்டு பேர் வந்தார்கள். நான் விடவில்லை. கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிறது. எங்கள் வார்டில் கட்டில் நிரம்பித் தரையிலும் பாய் விரித்திருக்கிறது, ராத்திரியில் ஒரே ஸ்டாஃப். ஊசியை வெட்டும் கட்டர் வார்டின் அந்தக் கோடியில் இருக்கிறது. மாணவி மூடி போடத்தான் பார்ப்பாள்.

மே 20

நாளை லினி புதுசேரியின் நினைவு நாள். கோழிக்கோடு பக்கம் பேராம்பிராவில் நிபா நோயாளியைப் பார்த்து, தானும் நோய்வாய்ப்பட்டு 2018 மே 21-ல் இறந்தவர். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். அவர் படத்துக்குப் பூ வைப்பதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. கண்காணிப்பாளர் அம்மாவிடம் நாளைக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதி முடித்திருக்கிறேன். ஊசி கட்டர் ஒவ்வொரு டிராலியிலும் வேண்டும். நைட் டியூட்டிக்கு ஒரு வார்டுக்கு இரண்டு பேராவது வேண்டும். டயாலிசிஸ், புண் பராமரிப்பு, மனநலம் என்று பயிற்சி எடுத்தவர்களை அடுத்த இடமாறுதல் கவுன்சலிங்கில் வேறெங்காவது தூக்கிப் போடாமல், அவர்கள் கேட்டால் அங்கேயே விட வேண்டும். புண் பராமரிப்புக்கு என்று தனியாக ஒரு நர்ஸை எல்லா வார்டுக்கும் சுற்றிவர விட வேண்டும். அந்த வேலைக்கு என் பெயரையும் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட இதுவரை பதினோரு பேர் வந்திருக்கிறார்கள், அதில் இருவர் ஆண்கள், ஒருவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவர்.

பக்கவாதம் வந்த அந்தப் பெரியவருக்கு இன்று டிஸ்சார்ஜ். குதிகாலை மகளே அழுத்திப் பார்த்து, "வெளுக்குது சிஸ்டர்" என்றாள்.