துறப்பணமும் தண்ணீரும்

வேலூர் மாநகர்க்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், அமிர்தி என்னும் சிற்றூர் உளது. 1967-ஆம் ஆண்டில் ஈண்டு அமைக்கப்பெற்ற விலங்குக் காட்சிச்சாலையும், மழைக்காலத்திற் பெருகி வேனிலில் மெலியும் ஓர் அருவியும் காண்போர் கண்ணுக்கு விருந்தாவன. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடும் சாலைகளிற் பாடுபடுவோர், ஞாயிற்றுக்கிழமையன்று சுண்ணாம்பு நாற்றமும் இயந்திரத்தின் இரைச்சலும் மறந்திருக்க இவ்விடம் நாடி வருவதுண்டு. யாமும் எம் தமையனாரும் ஐப்பசித் திங்களில் ஒரு நாள் அவ்வாறே சென்றோம். அவர் ஆம்பூரில் ஒரு தோல் சாலையில், பதனிட்ட தோலை ஒரே கனமாகச் சீவும் ஷேவிங் இயந்திரத்தின் முன் நிற்பவர்.

அருவிக்கு ஏறும் வழியிற் பாசி படர்ந்த பாறையொன்றில் அவர் கால் வழுக்கிற்று. விழுந்தவர் எழவில்லை. முழந்தாளுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு முறிந்துவிட்டது. வேறொரு நகரத்து வைத்தியசாலையில் எலும்பைக் கூட்டி, உலோகத் தகடொன்றை வைத்து, திருகாணிகளால் இறுக்கினார்கள். மூன்று திங்களில் நடக்கலாமென்றனர். எட்டுத் திங்கள் சென்றும் அவர் காலூன்ற இயலவில்லை. அடியெடுத்து வைக்குந்தோறும் உள்ளே ஏதோ அசைவதாகக் கூறி முகஞ் சுளித்தார். இயந்திரத்தின் முன் நிற்பவனுக்குக் காலே முதல். நின்றால்தான் கூலி, கூலி வந்தால்தான் அடுப்பெரியும். அவ்வீட்டின் கவலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பின்னர் அவரை மற்றொரு வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். அவர் எக்ஸ்-ரே படத்தை வெளிச்சத்திற் பிடித்து, இரண்டு திருகாணிகளைச் சுற்றிக் கரிய வளையம்போல் தோன்றிய கோட்டைக் காட்டினார். ஆணிக்கும் எலும்புக்கும் இடையே பிடிப்பில்லை என்பது அக்கோட்டின் பொருள்.

"ஐயா, பழுது ஆணியிலா, என் எலும்பிலா?" என்று தமையனார் வினவினார்.

"ஆணி தளர்வதற்குக் காரணங்கள் பல. கிருமி புகுதல் ஒன்று. முறிவு அசைந்துகொண்டே இருத்தல் மற்றொன்று. துளையிடும்போது எலும்பு சூடேறி இறந்துபோதலும் ஒன்று. உமக்கு நேர்ந்தது இதுவேயென்று நான் சாதிக்க மாட்டேன். ஆயினும் மறுமுறை செய்யும்போது இம்மூன்றுக்கும் இடங்கொடாமற் செய்வோம்" என்றார் அவர்.

எலும்பு இறந்துபோதல் என்னும் சொல் எம்மைத் திடுக்கிடச் செய்தது. எலும்பை யாம் கல்லைப் போலவும் கட்டையைப் போலவும் எண்ணியிருந்தோம். அஃது உயிருள்ள பொருள். அதனுள்ளே நுண்ணிய உயிரணுக்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்கு இரத்தம் உணவு கொணர்கின்றது. ஆணியை இறுகப் பற்றுவது அவ்வுயிருள்ள எலும்பேயன்றி வேறன்று. துளையைச் சுற்றியுள்ள அணுக்கள் மடியுமாயின், உடல் அவ்விறந்த பகுதியைச் சிறிது சிறிதாக அரித்து அகற்றும். அகற்றிய இடத்தில் ஆணி, ஈரமண்ணில் நட்ட முளைபோல் ஆடும்.

வெட்டும் கருவியெல்லாம் வெம்மையை விளைவிக்கும் என்பது தொழிலாளர் அனைவரும் அறிந்ததே. தெருவிற் சாணை பிடிப்பவரைப் பாருங்கள். சக்கரத்தின்மேல் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நீர் வற்றினால், கத்தியின் விளிம்பு முதலில் வைக்கோல் நிறமும், சூடு 300 பாகை சென்டிகிரேடை நெருங்குகையில் நீல நிறமும் கொள்ளும். நீலம் பாய்ந்த விளிம்பு பதம் கெட்டு மழுங்கும். 1798-ஆம் ஆண்டில் ரம்போர்டு பிரபு என்பார், மியூனிக் நகரத்து ஆயுதசாலையிற் பீரங்கி துளைத்தலைக் கண்டு எழுதிய ஆராய்ச்சியை இலண்டன் ராயல் சங்கத்தின் முன் வைத்தார். அவர் வேண்டுமென்றே மழுங்கிய துறப்பணத்தை நீருக்குள் வைத்துக் குதிரையாற் சுழற்றுவிக்க, இரண்டரை மணி நேரத்தில் நெருப்பின்றியே நீர் கொதித்தது. கண்டவர் வியந்தனர். உராய்வே உஷ்ணமாகின்றது என்னும் உண்மைக்கு அஃது ஒரு வாயிலாயிற்று. அமெரிக்க நாட்டு டெய்லர் என்பார், இரும்பு கடையும் கருவியின்மேல் நீரை இடையறாது பாய்ச்சினால் வேலையின் வேகத்தை நூற்றுக்கு நாற்பது வரை கூட்டலாமென்று 1906-ஆம் ஆண்டிற் கூறினார்.

சாணை பிடிப்போரும் இரும்பு கடைவோரும் நீரூற்றுவது பெரும்பாலும் கருவியைக் காத்தற்பொருட்டு. சஸ்திர சிகிச்சையில் அவ்வாறன்று. அங்கே கருவி கெட்டால் வேறொன்று எடுக்கலாம்; எலும்பு கெட்டால் வேறு எலும்புக்கு எங்கே செல்வது? எஃகுக்கு 300 பாகையில் நேரும் கேடு, எலும்புக்கு அதனிலும் மிகக் குறைந்த சூட்டிலேயே நேர்ந்துவிடும். சுவீடன் தேசத்தில் எரிக்ஸன், ஆல்பிரெக்ட்ஸன் என்னும் இருவர், முயலின் எலும்பிற் சிறு கண்ணாடிச் சாளரம் போன்றதோர் அறையைப் பொருத்தி, உயிரோடிருக்கும் எலும்பையே நுண்பெருக்கியாற் கண்டு, 1983-ஆம் ஆண்டில் ஓர் அளவைக் கூறினர். 47 பாகை வெப்பம் ஒரு நிமிஷம் நீடித்தாற் போதும். எலும்புக்குக் கேடு விளையும். உடலின் இயல்பான வெம்மை 37 பாகை. இடைவெளி பத்தே பாகை! குளிப்பதற்கு விளாவிய வெந்நீர், சற்றே மிகுதியாகக் காய்ந்துவிட்டால் இவ்வளவைத் தொட்டுவிடும்.

பல்லின் நிலை இதனினும் நுட்பமானது. 1965-ஆம் ஆண்டில் ஸாக், கோஹென் என்னும் இரு ஆராய்ச்சியாளர் குரங்குகளிற் செய்த சோதனையில், பல்லின் உள்ளீட்டுச் சதையிற் சூடு ஐந்தரைப் பாகை ஏறிய பற்களில் நூற்றுக்குப் பதினைந்து மீளவில்லை. பல் வைத்தியர் துளைக்கும்போது வாயிற் குளிர்ந்த நீர் தெறிப்பதும், துணையாள் அதனை உறிஞ்சி எடுப்பதும் இதனாலேயே. காதின் பின்புறத்து எலும்பைக் கடையும் வைத்தியரும் நீரின்றி ஒரு கணமும் வேலை செய்யார்; முகத்தை அசைக்கும் நரம்பு அவ்வெலும்பினூடே செல்வதால், அங்கே ஏறும் சூடு ஒருவர் புன்னகையையே பறித்துவிடக்கூடும்.

இனி, நீர் செய்யும் வேலை யாதெனப் பார்ப்போம். எலும்பு உஷ்ணத்தை எளிதிற் கடத்தாது. உண்டான சூடு உண்டான இடத்திலேயே தேங்கும். ஒரு கிராம் நீர் ஒரு பாகை சூடேற ஒரு கலோரி வேண்டும். நிமிஷத்திற்கு 50 மில்லி லிட்டர் நீர் துளைமுகத்திற் பாய்ந்து, பத்துப் பாகை சூடேறி வெளிவருமாயின், 500 கலோரி வெம்மையை அது தன்னோடு கொண்டுபோய்விடும். மேலும், துறப்பணத்தின் புரிகளிற் சிக்கும் எலும்புத் தூளையும் அது கழுவி அகற்றும். தூள் அடைத்துக்கொண்டால் அலகு வெட்டாது; வெறுமனே தேய்க்கும்; தேய்ப்பே சூடு. ஊற்றும் நீர் வெறுநீரன்று. லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்புக் கலந்து, கிருமியறச் செய்த நீர். வெறுநீராயின் இரத்த அணுக்கள் அதனை உறிஞ்சி வெடிக்கும்.

நீர் மட்டும் போதாது என்றும் வைத்தியர் கூறினார். அலகு கூர்மையாக இருத்தல் வேண்டும். ஒரே மூச்சில் துளைத்துவிடாமல், இடையிடையே வெளியே இழுத்து, நீரை உட்புகவிடுதல் வேண்டும். பெருந்துளைக்கு முதலிற் சிறு அலகாற் தொடங்கிப் படிப்படியாகப் பெருக்குதல் நலம். இவற்றுள் ஒன்றேனும் விலையுயர்ந்த கருவியன்று. பொறுமையும் கவனமுமே விலை.

தமையனார் இதனைக் கேட்டு, "ஐயா, இது எங்கள் தொழிலே" என்றார். ஷேவிங் இயந்திரத்தின் கத்தி மழுங்கினால் தோலைச் சீவாது, தேய்த்துச் சுட்டுவிடும் என்பது அவர் அனுபவம். எலும்பிலும் தோலிலும் நாராயிருப்பது கொலாஜன் என்னும் ஒரே வகைப் பொருள். பதனிடாத பச்சைத்தோல் ஏறத்தாழ 60 பாகையைக் கடந்த வெந்நீரிற் சுருண்டுவிடும். குரோம் இட்டு நன்கு பதனிட்டதோ கொதிநீரையும் தாங்கும். அதனாலேயே தோல் சாலைகளில் ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் இட்டுப் பதம் பார்ப்பர். ஆனால் மனிதன் எலும்பைப் பதனிட எவராலும் இயலாது. அது பச்சையாகவே இருந்தாக வேண்டும்.

ஐயம் தீர்த்துக்கொள்ள யாம் வீட்டில் ஒரு சோதனை செய்தோம். இறைச்சிக் கடையிலிருந்து மாட்டின் முன்காலெலும்பு ஒன்றை வாங்கி, தச்சர் ஒருவரிடம் மின்துறப்பணம் இரவல் பெற்று, மழுங்கிய அலகால் நீரின்றித் துளைத்தோம். சில விநாடிகளில் மெல்லிய புகை எழுந்தது. கொம்பு தீய்வது போன்ற நாற்றம் வீசிற்று. துளையின் விளிம்பு பழுப்பேறியது. பின்னர்ப் புதிய அலகை மாட்டி, செம்பிலிருந்து நீர் வார்த்துக்கொண்டே துளைத்தோம். புகையுமில்லை, நாற்றமுமில்லை, விளிம்பு வெண்மையாகவே இருந்தது. திண்ணையிற் கட்டையூன்றி அமர்ந்திருந்த தமையனார், பழுப்பேறிய துளையை நெடுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

மறு சிகிச்சை பங்குனியில் நிகழ்ந்தது. முதுகுத்தண்டில் மருந்தேற்றி இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தமையால், அவர் விழித்தே இருந்தார். திரைக்கு அப்பால் நிகழ்வதைக் காணவில்லை, கேட்டார். துறப்பணம் சுழலும் ஒலி எழும், நிற்கும், மீண்டும் எழும். ஒவ்வொரு முறையும் ஒலி எழுமுன் வைத்தியர், "தண்ணீர், சிஸ்டர்" என்பாராம். எத்தனை முறையென்று எண்ணத் தொடங்கி, இருபதுக்குமேல் எண்ண மறந்துவிட்டாராம். "என் காலுக்குச் சுடுவது எனக்கே தெரியவில்லை, தம்பி. அவருக்குத் தெரிந்தது" என்று பின்னர் எம்மிடம் கூறினார்.

இச்சொல் எமக்கு வேறொன்றை நினைவூட்டிற்று. 1946-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, குஷ்டநோயாளரின் மடங்கிய விரல்களைச் சஸ்திர சிகிச்சையால் நிமிர்த்திப் புகழெய்தியவர். அந்நோயாளரின் விரல்கள் குறைவது பெரும்பாலும் நோயினாலன்று, சூடும் வலியும் தோன்றாமையால் நேரும் காயங்களாலேயே என்று அவர் கண்டறிந்து கூறினார். சுடுவது தெரியாத கை, கொதிக்கும் பாத்திரத்தை விடாது பற்றும். மயக்க மருந்தின்கீழ்க் கிடப்பவனும் அந்நேரத்தில் அத்தகையவனே. அவனுடைய எலும்பு வெந்தாலும் கூவாது, கையை இழுத்துக்கொள்ளாது. அதன்பொருட்டு உணர்வதற்கு மற்றொருவர் வேண்டும்.

1949-ஆம் ஆண்டில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அதே கல்லூரியில் இந்தியாவின் முதல் மூளை, நரம்புச் சஸ்திர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். மண்டையோட்டைக் கைத்துறப்பணத்தாற் துளைத்து, துளைகளுக்கிடையே கம்பிரம்பம் செலுத்தி அறுப்பது அக்காலத்து உலகெங்குமிருந்த வழக்கம். அத்தகைய சிகிச்சையில் அறுப்பவரின் அருகே நின்று, அறுபடும் கோட்டின்மேல் உப்புநீரைத் துளித்துளியாக விடுபவர் ஒருவர் இருப்பார். சரித்திரங்களில் அறுத்தவர் பெயர் நிற்கும். நீர் விட்டவர் பெயர் நில்லாது. எனினும் அவர் கை சோர்ந்தால் அறுத்தவர் திறமையும் வீணே.

எம் தமையனாரின் எலும்பு கூடிற்று. முன்பு பழுதானது சூட்டினாலோ வேறொன்றினாலோ யாம் அறியோம். இம்முறை தேறியது நீரினால் மட்டுமே என்றும் சாதியோம். இப்பொழுது அவர் அரைநாள் இயந்திரத்தின் முன் நிற்கின்றார். மற்ற அரைநாள் அமர்ந்து தோலைத் தரம் பிரிக்கின்றார். கத்தி மழுங்குவதற்கு முன்னமே இயந்திரத்தை நிறுத்திச் சாணை பிடிக்கும் வழக்கம் அவரிடம் மிகுந்துள்ளதென்று உடனுழைப்பவர் கூறுவர்.

சென்ற தை மாதத்தில் மீண்டும் இருவரும் அமிர்திக்குச் சென்றோம். அவர் பாறையில் ஏறவில்லை. கீழே ஓடையருகில் அமர்ந்து, தழும்பேறிய காலை நீருக்குள் வைத்து, "நன்றாகச் சில்லென்றிருக்கிறது, தம்பி" என்றார். அவ்வுணர்ச்சி அவர் காலில் இருந்தது குறித்து யாம் ஆண்டவனை வாழ்த்தினோம். எம்முடன் பயிலும் மாணவருட் சிலர் நாளை வைத்தியராகவும் தாதியராகவும் ஆகக்கூடும். அவர்கள் கையில் நீர்க்குப்பி தரப்படும் நாளில், அதனைச் சிறு வேலையென்று எண்ணாதிருப்பாராக.