ஜனவரியில் ரேஸ்கோர்ஸ், மார்ச்சில் வெள்ளியங்கிரி! - கோவைக்காரர்களின் புத்தாண்டு சபதம் ஜெயிக்கும் பாதை

ஜனவரி 1, காலை ஐந்தரை மணி. கோவை ரேஸ்கோர்ஸ் சாலையில் பைக் நிறுத்தவே இடம் தேட வேண்டும். மார்கழிக் குளிருக்கு மங்கி குல்லா, ஸ்வெட்டர். காலில் போன வாரம்தான் வாங்கிய, இன்னும் தூசி படாத ஷூ. தூக்கக் கலக்கத்தோடு அப்பாவின் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளைகள், புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்ட பாட்டிகள், முதல் ரவுண்டு முடிவதற்குள் செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிடும் கல்லூரிப் பையன்கள். ஊரே ஒரே நாளில் திருந்திவிட்டதோ என்று தோன்றும்.

பிப்ரவரி 1 அன்று அதே நேரத்துக்கு வந்து பாருங்கள். பைக்கை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்!

புத்தாண்டு சபதம் எடுக்காத ஊர் இல்லை. ஆனால், அந்தச் சபதத்தை நிறைவேற்றத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பஸ் தூரத்துக்குள் வைத்திருக்கும் ஊர்கள் குறைவு. நடந்து பழக ஒரு சாலை, ஏறிப் பழக ஒரு மலை, 'முடித்துவிட்டேன்' என்று சொல்லிக்கொள்ள இன்னொரு மலை. கோவையில் மூன்றும் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், பலர் முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராக மூன்றாவதற்குப் போகிறார்கள்.

ஒரு ரவுண்டு இரண்டரை கிலோமீட்டர்

ஒரு காலத்தில் குதிரைகள் ஓடிய இடம். அதனால்தான் ரேஸ்கோர்ஸ் என்று பெயர். இன்று மனிதர்கள் ஓடுகிறார்கள். மரங்கள் கவிந்த சாலையைச் சுற்றி வந்தால் ஒரு ரவுண்டு சுமார் இரண்டரை கிலோமீட்டர். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதையை அகலமாக்கிவிட்டார்கள். நடந்து முடித்ததும் குடிக்க அருகம்புல் ஜூஸ், சூப் என்று ஏதாவது ஒன்று வழியில் கிடைத்துவிடும்.

இங்கே வருடக்கணக்கில் நடப்பவர்களைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். அவர்களுடைய ஷூ பழையதாக இருக்கும். போனில் ஸ்டெப் எண்ண மாட்டார்கள். ஜனவரி 1 அன்று ஐந்து ரவுண்டு போக மாட்டார்கள். வழக்கமான ஒன்றோ இரண்டோதான். மறுநாளும் அதேதான்.

இதில் விஷயம் இருக்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009-இல் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். புதிதாக ஒரு பழக்கத்தைத் தொடங்கிய 96 பேரைக் கவனித்ததில், அந்தப் பழக்கம் யோசிக்காமலே செய்கிற அளவுக்குப் படிய சராசரியாக 66 நாள்கள் ஆயின. சிலருக்கு 18 நாள்களே போதுமாக இருந்தன. சிலருக்கு 254 நாள்கள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பதும் அதே ஆய்வு சொன்ன ஆறுதல்.

ஜனவரி 1-இல் தொடங்கினால் 66-வது நாள் மார்ச் 7. அந்தத் தேதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டலில் வேலை செய்து வாங்கிய மோட்டார் சைக்கிள்

எல்லோருடைய சபதமும் உடம்பு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும் என்றில்லை. பணம் சேர்ப்பது, ஒரு தொழில் கற்பது என்று நினைத்திருப்பவர்கள் ரேஸ்கோர்ஸிலிருந்து அவிநாசி ரோட்டுக்கு வந்துவிடலாம். அங்கேதான் ஜி.டி.நாயுடு அருங்காட்சியகம் இருக்கிறது. 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட, 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள அவிநாசி ரோடு மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான்.

கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த நாயுடுவுக்குப் பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளைத் தாண்டவில்லை. ஊருக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதுபோல ஒன்றை வாங்க வேண்டும் என்று முடிவெடுத்தார். கையில் காசு இல்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். நாள் கூலியில் மிச்சம் பிடித்துப் பிடித்து, சில வருடங்கள் கழித்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்தார். இன்ஜின் அவருக்குப் புரிந்தது அப்படித்தான்.

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். டிரைவரும் அவரே. அந்த ஒரு பஸ்தான் பிறகு பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து அவர் உருவாக்கிய மின் மோட்டார், இன்று கோவை 'மோட்டார், பம்ப்செட் ஊர்' என்று பெயரெடுத்ததற்கு முதல் படிகளில் ஒன்று.

குழந்தைகளோடு போகிறவர்கள் இந்தக் கதையில் ஒன்றைக் கவனிக்கச் சொல்லலாம். 'நான் பெரிய தொழிலதிபர் ஆவேன்' என்பதல்ல அவருடைய முதல் இலக்கு. ஒரு வண்டி வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால், அதற்காகச் சில வருடங்கள் காத்திருக்க அவர் தயாராக இருந்தார்.

படியில் தெரிந்துவிடும்

ரேஸ்கோர்ஸில் ஒரு மாதம் நடந்த தைரியத்தோடு மருதமலைக்குப் போனால், மலை ஒரு பாடம் நடத்தும். அடிவாரத்தில் தான்தோன்றி விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினால், முருகன் சந்நிதி வரை 800-க்கும் மேற்பட்ட படிகள். சமதளத்தில் இரண்டு ரவுண்டு அசராமல் நடந்தவருக்கும் முதல் நூறு, நூற்றைம்பது படிகளிலேயே தொடை கடுக்கும். மூச்சு வாங்கும். மேலே போக கோயில் பஸ் உண்டு. அது பக்கத்தில் உறுமிக்கொண்டு ஏறும்போது மனசு கொஞ்சம் சபலப்படும்!

இங்கே ஒரு சுலபமான பரிசோதனை செய்து பார்க்கலாம். ஏறும்போது கூட வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. பாதி வாக்கியத்தில் மூச்சு முட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இடும்பன் சந்நிதியருகே உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டுப் போவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை அதிகம். படிகளில் தாவி இறங்கக் கூடாது.

வாரம் ஒருநாள், ஞாயிறோ செவ்வாயோ, இந்தப் படிகளை ஏறி இறங்கினால் நாலைந்து வாரத்தில் வித்தியாசம் தெரியும். காட்டையொட்டிய மலை என்பதால் யானை, சிறுத்தை நடமாட்டம் உண்டு. இருட்டில் படிப்பாதை வேண்டாம். கோயில் நிர்வாகம் அறிவிக்கும் நேரத்தை மீறவே கூடாது.

"இந்த வருசமாச்சும் ஏறிரோணுங்க"

கொங்கு நாட்டில் டிசம்பர் கடைசியில் எந்த டீக்கடையில் நின்றாலும், எந்த ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் இந்த வரி காதில் விழும். ஏற வேண்டியது வெள்ளியங்கிரி.

கோவையிலிருந்து பேரூர், ஆலாந்துறை வழியாக மேற்கே போனால், சுமார் 35 கிலோமீட்டரில் பூண்டி அடிவாரம். நொய்யல் நதி பிறப்பது இந்த மலைத்தொடரில்தான். பக்தர்களுக்கு இது தென்கைலாயம். வழக்கமாக பிப்ரவரியிலிருந்து மே வரை மலையேற வனத்துறை அனுமதிக்கிறது. மகா சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி நாள்களில் கூட்டம் அலைமோதும். மூங்கில் தடி ஒன்றை வாங்கிக்கொண்டு, வெயிலுக்குப் பயந்து பெரும்பாலானோர் இரவிலேயே ஏறத் தொடங்குவார்கள்.

ஏழு மலை. ஒருபக்கம் மட்டுமே சுமார் 6 கிலோமீட்டர். கேட்கும்போது 'ரேஸ்கோர்ஸில் ரெண்டரை ரவுண்டுதானே' என்று தோன்றும். ஆனால், முதல் மலையின் செங்குத்தான கற்படிகளே பாதிப் பேரை உட்கார வைத்துவிடும். வெள்ளை விநாயகர், பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை, ஒட்டர் சமாதி, ஆண்டி சுனை என்று ஒவ்வோர் இடமாகத் தாண்டித் தாண்டி, கடைசியில் சுயம்பு லிங்கமாக ஈசன். பழகியவர்களுக்கே ஏற நாலைந்து மணி நேரம் ஆகும். உச்சியில் குளிர்காற்று உடம்பை ஊடுருவும். கிழக்கே விடியும்போது கீழே மேகம் மிதக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு பாடு.

அந்தப் பாடு சில நேரம் உயிரையே கேட்டுவிடுகிறது. 2024 சீசனில் மலையேறியவர்களில் சிலர் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்து வழியிலேயே உயிரிழந்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. உடம்பு சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பிப் போனவர்கள் எத்தனை வீடுகளில் இருப்பார்கள்! இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சுப் பிரச்னை உள்ளவர்கள் ஏற வேண்டாம், மற்றவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று வனத்துறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸ் முடித்து, தூங்காமல், பரோட்டா சாப்பிட்ட வயிற்றோடு மலையேறுவது சவால் இல்லை, சூதாட்டம்.

இப்போது அந்த மார்ச் 7-க்கு வருவோம். ஜனவரி 1-இல் ரேஸ்கோர்ஸில் காலை வைத்தவருக்கு, 66-வது நாள் வரும்போது வெள்ளியங்கிரி சீசன் நடுவில் இருக்கும். ஜனவரியில் தினமும் நடை, பிப்ரவரியில் நடையோடு வாரம் ஒருமுறை மருதமலைப் படி, நடுவில் ஒரு மருத்துவப் பரிசோதனை. இவ்வளவும் முடித்துவிட்டு மார்ச்சிலோ ஏப்ரலிலோ அடிவாரத்தில் நிற்பவருக்கு மலை வேறு மாதிரி தெரியும். சபதம் எடுத்த தேதியைவிட, நிறைவேற்றப்போகும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பது பலன் தருவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. மூன்றாவது மலையில் உடம்பு 'போதும்' என்றால் இறங்கிவிடலாம். அது தோல்வி இல்லை. மலை அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும். அதை மறுபடி பார்க்க நாம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மலை வேண்டாம் என்பவர்களுக்கு...

வெள்ளியங்கிரியில் பெண்கள் ஏறுவதற்கு வயது சார்ந்த கட்டுப்பாடு நெடுங்கால வழக்கமாக இருந்துவருகிறது. புறப்படும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. ஆனால் மருதமலைப் படிகள் எல்லோருக்கும் பொது. வருடக் கடைசியில் இன்னொரு வாய்ப்பும் காத்திருக்கிறது. கோவை புற்றுநோய் அறக்கட்டளைக்காக 2013-இல் தொடங்கிய கோயம்புத்தூர் மராத்தான் அண்மை ஆண்டுகளில் டிசம்பரில் நடக்கிறது. 21.1 கிலோமீட்டர் அரை மராத்தான், 10 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் என்று பிரிவுகள் உண்டு. ஜனவரியில் ஒரு ரவுண்டுகூட முடிக்காமல் மூச்சு வாங்கியவர், டிசம்பரில் குடும்பத்தோடு 5 கிலோமீட்டர் கடந்தால் அதுவும் ஒரு வெள்ளியங்கிரிதான்.

கிளம்பும் முன் கவனிக்க:

* முதல் வாரம் ரேஸ்கோர்ஸில் ஒரு ரவுண்டு போதும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.
* ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள். இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட வேண்டாம்.
* வெள்ளியங்கிரி வனப்பகுதி. பிளாஸ்டிக் கட்டுப்பாடு உண்டு, பைகளைச் சோதித்தே அனுப்புவார்கள். டார்ச், கம்பளி, தண்ணீர் அவசியம். தனியாகப் போகாதீர்கள்.
* நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், அடங்காத மூச்சிரைப்பு வந்தால் உடனே நின்று, அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

ரேஸ்கோர்ஸில் பிப்ரவரி 1 காலையில் பைக் நிறுத்த நிறைய இடம் இருக்கும் என்றோமே... அன்றைக்கு நீங்கள் அங்கே நின்றால், பாதி மலை ஏறிவிட்டீர்கள் என்று அர்த்தம்!