இருபத்தாறா, இருபத்தொன்பதா?

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பன்னீர் திராட்சையா? சுருளி அருவியா? மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று வெள்ளத்தை 1895-ல் கிழக்கே திருப்பி, வறண்ட சீமையை வயலாக்கிய பென்னிகுயிக் துரையா? எல்லாமே நியாயமான ஞாபகங்கள்தாம். ஆனால் அந்தப் பக்கம் போய்விட்டு வந்த எனக்கு முதலில் ஞாபகம் வருவது சைக்கிள் சக்கரம்!

சிரிக்காதீர்கள். மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்று கட்டை டயரும் கியரும் வைத்த சைக்கிள்கள் வருகின்றன அல்லவா? உங்கள் வீட்டுப் பிள்ளையும் அதில் ஒன்றைக் கேட்டு அடம் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதற்குச் சக்கரம் பெரிதாக இருக்க வேண்டுமா, சிறிதாக இருந்தால் போதுமா என்ற வழக்கு உலகம் முழுவதும் நடந்திருக்கிறது. அந்த வழக்கின் ஒரு சிறு விசாரணையைக் காமயகவுண்டன்பட்டியில் நேரில் கண்டேன்.

தியாகிகளின் ஊர்

கம்பத்திலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் காமயகவுண்டன்பட்டி. 'கே.கே.பட்டி' என்று சுருக்கிச் சொன்னால்தான் பஸ் கண்டக்டருக்குப் பிடிக்கும். சுதந்திரப் போராட்டத்தில் பலரைச் சிறைக்கு அனுப்பிய ஊர். காந்தியடிகளுக்குக் கோயிலே கட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. நடுவே முல்லையாற்றுப் பாசனம், நெல் வயல், தென்னந்தோப்பு. எங்கே திரும்பினாலும் திராட்சைப் பந்தல். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்று சொல்லப்படும் பன்னீர் திராட்சை, இங்கே வருஷம் முழுவதும் காய்க்கிறது. 'கம்பம் பன்னீர் திராட்சை' என்ற பெயருக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு இந்த ஊர் ஒரு பரீட்சை மண்டபம். தார் ரோடு உண்டு. வாய்க்கால் கரை உண்டு. பந்தலுக்கு நடுவே ஆள் போகிற சந்து உண்டு. மலையடிவாரம் நெருங்க நெருங்கக் கல்லும் சரளையுமாக ஏற்றமும் உண்டு. எந்தச் சக்கரத்துக்கு என்ன வித்தை தெரியும் என்பதை ஒரே காலைப் பொழுதில் பார்த்துவிடலாம்.

கடையில் நடந்த விவகாரம்

ஒரு சைக்கிள் கடை வாசலில் தகப்பனும் மகனும் நின்றுகொண்டிருந்தார்கள். பையனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். உயரம் நாலே முக்கால் அடி. அவன் கை வைத்திருந்தது கடையிலேயே பெரிய வண்டியின் மேல். இருபத்தொன்பது அங்குலச் சக்கரம்!

தகப்பனார் திராட்சைப் பந்தலில் கவாத்து வேலைக்குப் போகிறவர். இரண்டு அறுவடையின் கூலியில் மிச்சம் பிடித்த பணம் அவர் சட்டைப் பையில் இருந்தது. மலையடிவாரத்தில் வீடு. அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு இறக்கம். திரும்பி வரும்போது ஏற்றம்.

"அண்ணே, பெரிசாவே எடுத்துக்கிறோம். வளர்ற பையன். இப்பச் சின்னதா வாங்கிட்டு ரெண்டு வருஷத்திலே மறுபடி வாங்க நமக்கு முடியுமா?" என்றார் அவர்.

நியாயமான கேள்வி. தீபாவளிச் சட்டையை ஒரு சுற்றுப் பெரிதாகத் தைக்காத தகப்பன் தமிழ்நாட்டில் உண்டா? ஆனால் கடைக்காரர் தலையை ஆட்டினார். பெரிய வண்டி விலை கூடியது. விற்றால் அவருக்குத்தான் லாபம்.

"தம்பி, சட்டை பெரிசா இருந்தா மடிச்சு விட்டுக்கலாம். சைக்கிளை மடிக்க முடியாது. அந்த இறக்கத்திலே கால் ஊன்ற வேண்டிய நேரத்திலே தரை எட்டலேன்னா என்ன ஆகும்?"

தகப்பனார் பதில் சொல்லவில்லை. தம் முழங்காலில் இருந்த பழைய தழும்பைத் தடவிக்கொண்டார். வாடகைச் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்ட காலத்துச் சம்பாத்தியம் அது.

பையன் மட்டும் விடவில்லை. "பெரிய சக்கரம்தான் வேகமாப் போகும், சார்! பந்தயத்திலே எல்லாரும் அதைத்தான் ஓட்டுறாங்க!" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தான்.

எங்கிருந்து வந்தது இந்த அளவு?

பையன் சொன்னது பொய்யில்லை. ஆனால் கதையை ஆரம்பத்திலிருந்து கேட்க வேண்டும்.

மலைச் சைக்கிளின் பிறந்த வீடு அமெரிக்காவில் கலிபோர்னியா. 1970-களில் ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் முதலிய இளைஞர்கள், தூக்கிப் போட்ட பழைய சைக்கிள்களை எடுத்துச் செப்பனிட்டு, டமால்பயஸ் மலைப் பக்கத்துச் சரிவுகளில் பாய்ந்து இறங்கினார்கள். அந்தப் பழைய வண்டிகளில் இருந்தது இருபத்தாறு அங்குல பலூன் டயர். கிடைத்ததை வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டம், அதுவே சட்டமாகிவிட்டது! சுமார் முப்பது வருஷம் மலைச் சைக்கிள் என்றால் இருபத்தாறுதான்.

பெரிய சக்கரத்துக்கு ஏற்ற கட்டை டயர் 1999-ல் வந்தது. அதன் பிறகு 'இருபத்தொன்பது' தலையெடுத்தது. இரண்டுக்கும் நடுவே சமாதானம் செய்துவைக்க 'இருபத்தேழரை' வந்தது. அதுவும் புதுச் சரக்கல்ல. பிரெஞ்சு நாட்டு உல்லாசப் பிரயாணிகள் '650பி' என்ற பெயரில் முன்பே ஓட்டிய ரிம்தான்.

2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் ஒரு வேடிக்கை நடந்தது. செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவி இருபத்தொன்பதில் வந்தார். ஸ்விட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டர் இருபத்தேழரையில் வந்தார். ஒன்றரை மணி நேரம் மேடும் பள்ளமும் ஏறி இறங்கி, கடைசியில் ஒரே ஒரு வினாடி வித்தியாசத்தில் குல்ஹாவி தங்கப் பதக்கத்தைத் தட்டிக்கொண்டு போனார். பிற்பாடு ஷூர்ட்டரே இருபத்தொன்பதுக்கு மாறிவிட்டார். இன்று அந்தப் பந்தயத்தில் பெரிய சக்கரத்தின் கொடிதான் பறக்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

மாட்டு வண்டிச் சக்கரம் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது? சிறிய சக்கரம் குழியில் விழும். பெரிய சக்கரம் குழியின் மேலே ஊர்ந்து போய்விடும். கல் எதிர்ப்பட்டாலும் அப்படித்தான். மூன்று அங்குல உயரக் கல் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். இருபத்தொன்பது அங்குலச் சக்கரம் இருபத்தாறைவிடச் சுமார் இரண்டு டிகிரி சாய்வாக அதைத் தொடுகிறது. இரண்டு டிகிரி அற்பம் என்று தோன்றும். ஆயிரம் கல்லைத் தாண்டிய பிறகு முழங்கையைக் கேட்டால் அது வேறு கணக்குச் சொல்லும்.

இரண்டே கால் கட்டை அகல டயர் வேண்டாம், சாதாரணமாக 2.1 அங்குல டயர் மாட்டினால், இருபத்தாறு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 480 சுற்றுச் சுற்றுகிறது. இருபத்தேழரைக்கு 461, இருபத்தொன்பதுக்கு 437 போதும்.

இனி எதிர்க்கட்சி வக்கீலின் வாதம். பெரிய ரிம்முக்கு இரும்போ அலுமினியமோ அதிகம் வேண்டும். டயரும் ட்யூபும் அதிகம். பாரம் கூடுகிறது, நின்ற இடத்திலிருந்து கிளப்ப அதிகம் மிதிக்க வேண்டும். அதே பல்சக்கரத்தில் ஏற்றம் ஏறினால் ஒவ்வொரு மிதியும் சுமார் ஒன்பது சதவிகிதம் கனக்கும். ஸ்போக்ஸ் கம்பி நீளமாவதால் சக்கரம் சற்று நெளியவும் இடம் உண்டு. குட்டையான ஆளுக்கு ஹாண்டில்பார் உயர்ந்து நிற்கும். முன் சக்கரம் திருப்பத்தில் கால் விரலில் இடிக்கலாம்.

நேரில் ஒரு சோதனை

கடைக்காரரின் தயவில் இரண்டு வண்டிகள் கிடைத்தன. எனக்கு உயரம் ஐந்தடி நாலு அங்குலம். என்னுடன் வந்த புகைப்படக்காரர் ஆறடி. இதைவிடப் பொருத்தமான சோதனைக் குழு அமையுமா?

தார் ரோட்டில் சுருளிப்பட்டிப் பக்கம் போனபோது புகைப்படக்காரர் இருபத்தொன்பதில் அலட்டிக்கொள்ளாமல் முன்னே போய்க்கொண்டிருந்தார். சரளைப் பாதையிலும் அவர் கைதான் ஓங்கியிருந்தது. என் இருபத்தாறு ஒவ்வொரு கல்லையும் எனக்கு அறிமுகம் செய்துவைத்தது. அவர் வண்டி பாதிக் கல்லை லட்சியமே செய்யவில்லை.

வாய்க்கால் கரையிலிருந்து பந்தல் சந்துக்குள் திரும்பியதும் நிலைமை மாறிற்று. நெருக்கமான திருப்பங்களில் என் சிறிய வண்டி ஆட்டுக்குட்டிபோல் வளைந்து வளைந்து போயிற்று. அவரோ இரண்டு இடத்தில் இறங்கி வண்டியைத் தூக்கித் திருப்பினார். தலையைக் குனியாவிட்டால் திராட்சைக் குலை நெற்றியில் மோதும் சங்கடம் வேறு!

வண்டியை மாற்றிக்கொண்டோம். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது; ஆனாலும் கற்களில் பெரிய வண்டி நிதானமாகவே போயிற்று. இறங்கி நிற்கும்போதுதான் சிரமம். சரிவில் ஒரு காலை ஊன்றத் தரையைத் தேட வேண்டியிருந்தது. ஆறடிக்காரர் இருபத்தாறில் உட்கார்ந்த காட்சியோ, சர்க்கஸ் கரடியை ஞாபகப்படுத்தியது. படம் எடுக்க ஆள் இல்லை என்பதில் அவருக்குப் பரம திருப்தி.

டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்தவுடன் என் இருபத்தாறும் சரளையில் சாதுவாகிவிட்டது. ஆக, காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. பெரிய மாட்டு வண்டிச் சக்கரம் போய்ச் சிறிய டயர் வண்டி வந்ததும் இதனால்தானே?

மலையடிவாரத்தோடு திரும்பிவிட்டோம். அதற்கு மேலே 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகரத் தெருவிலேயே ஓடி வந்தது இந்தப் பக்கத்தார் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. யானையை முந்துகிற சக்கரம் எந்த அளவிலும் இல்லை.

தாத்தாவின் வண்டி

திரும்பி வந்து பார்த்தால் பையன் இன்னும் அசையாமல் இருந்தான். கடைக்காரர் ஓர் உபாயம் செய்தார். பழுதுக்கு வந்திருந்த பழைய கறுப்பு வண்டியைச் சுட்டிக்காட்டினார். பால் கேனும் புல்லுக்கட்டும் ஏற்றுகிற, தாத்தா காலத்து இருபத்தெட்டு அங்குல வண்டி.

"தம்பி, எந்த ரிம் பெரிசு? நீயே டேப்பை வெச்சு அளந்து பாரு."

பையன் அளந்தான். டயர் உட்காரும் விளிம்பில், இருபத்தொன்பதின் ரிம் 622 மில்லிமீட்டர். பழைய இருபத்தெட்டின் ரிம் 635! அவனுக்கு வாய் அடைத்துப் போயிற்று. பெயரில் இருக்கும் அங்குலம் டயரோடு சேர்த்துச் சொன்ன உத்தேசக் கணக்கு. புது வண்டியில் கட்டை டயர் மாட்டியிருப்பதால்தான் அது பெரிதாக நிற்கிறது.

"அப்ப நம்ம தாத்தா வண்டிதான் பெரிசாப்பா?"

"அதிலேதான்டா நான் விழுந்தேன்!" என்றார் தகப்பனார்.

பையன் சிரித்துவிட்டான். சிறிய சட்டம் போட்ட இருபத்தாறு அங்குல வண்டியின் குறுக்குக் கம்பிக்கு மேலே நின்று பார்த்தான். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. கம்பிக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு அங்குலம் மிச்சம். சீட்டை உயர்த்த இன்னும் இடம் இருந்ததால் சில வருஷம் தாங்கும். மிச்சப்பட்ட பணத்தில் தகப்பனார் ஒரு ஹெல்மெட் வாங்கினார். அதைக் கேட்டு வாங்கியது அவர்தான்.

நீங்கள் வாங்குவதானால்

வண்டி வாங்கப் போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போங்கள். முதலில் கம்பிக்கு மேலே நிற்கச் சொல்லுங்கள். கால் நன்றாக ஊன்ற வேண்டும். பிரேக் பிடிக்க விரல் எட்ட வேண்டும். ஐந்தடிக்கும் குறைவானவர்களுக்குப் பெரும்பாலும் இருபத்தாறு சௌகரியம். நடுத்தர உயரத்துக்கு இருபத்தேழரை. நல்ல உயரமும் நீண்ட கரட்டுப் பாதையும் இருந்தால் இருபத்தொன்பதை யோசிக்காமல் எடுக்கலாம்.

பஞ்சர் ஆனால் உள்ளூர்க் கடையில் அந்த அளவு ட்யூப் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். டயர் மாற்றும்போது பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். மலைச் சைக்கிளின் இருபத்தாறுக்கு அது 559. பெண்கள் ஓட்டும் சாதாரண இருபத்தாறுக்கு 590. இரண்டும் 'இருபத்தாறு'தான், ஒன்று மற்றதில் ஏறாது.

காமயகவுண்டன்பட்டிப் பையன் உயரமாக வளர்வான். அப்போது அவனே சம்பாதித்து இருபத்தொன்பது வாங்கிக்கொள்ளட்டும். இப்போதைக்கு அந்த இறக்கத்தில் அவன் கால் தரையில் ஊன்றுகிறது. அவன் அம்மா வாசலில் நின்று கவலைப்பட வேண்டியதில்லை.