சுருங்கை வழி

நாடகத்தைப் படிப்பது எளிது. அதில் நாம் எந்தப் பாத்திரம் என்று உணர்வதே அரிது. அதனை நான் கேமரன் மலையில் உணர்ந்தேன்.

1979ஆம் ஆண்டு, ரிங்லெட்டுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இளம் ஆசிரியனாக இருந்தேன். கொழுந்து நிறுவை முடிந்து, சரிவுகளில் மூடுபனி இறங்கும் மாலை வேளையில், கோயில் மண்டபத்தில் இலக்கிய வகுப்பு நடத்துவேன். அவ்வாண்டு எடுத்துக்கொண்ட நூல், பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்'.

அந்நாடகத்தில் வாணி நடராசனை விரும்புகிறாள். அவள் தந்தை சகடனோ பொருளாசையால், அமைச்சன் குடிலனின் மகன் பலதேவனுக்கு அவளைக் கொடுக்க முனைகிறான். மன்னன் சீவகனும் தந்தையின் பக்கமே நிற்கிறான். வாணிக்காக நான் வகுப்பில் உருக்கமாகப் பேசினேன்.

என் மாணவியருள் ஒருத்திக்கு வயது பத்தொன்பது. பகலில் தாயோடு கொழுந்து பறிப்பாள். ஆசிரியப் பயிற்சிக்குச் செல்ல வேண்டும் என்பது அவள் கனவு. மறுநாள் அவள் தந்தை என்னிடம் வந்தார்.

"வாத்தியாரையா, நல்ல எடம் வந்திருக்கு. வேண்டாங்கிறா. நீங்க சொன்னா கேப்பா."

அவர் சகடன் அல்லர், பொருளாசை அறியாதவர். ஆனால் லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். அங்கே ஊர்ப்பேச்சுக்குக் கதவு தேவையில்லை. அவளுக்குப் பின்னே தங்கைகள் இருவர். அச்சமே அவரை உந்தியது.

நான் அவளை அழைத்து, "அப்பா உன் நன்மைக்குத்தானே சொல்கிறார், அம்மா" என்றேன்.

அவள் தலைநிமிர்ந்தாள். "ஐயா, நேத்து வாணிக்காகப் பேசினீங்க. இன்னிக்குச் சீவகன் மாதிரி பேசுறீங்களே?"

எனக்கு விடை இல்லை. தை மாதத்தில் அவள் மணமாகிச் சென்றாள்.

பல ஆண்டுகள் கழித்துத் திருவிழாவில் அவளைக் கண்டேன். "நல்லாத்தான் இருக்கேன், ஐயா. ஆனா அந்த நாடகத்தோட கடைசி அங்கத்தை நான் படிக்கவே இல்ல" என்றாள்.

ஐந்தாம் அங்கத்தில், தந்தையின் சொல்லுக்கு இசைந்து மனோன்மணியும் அதே பலதேவனை மணக்கும் நிலைக்கு வருகிறாள். அந்நேரம் சுருங்கை வழியே சேரன் புருடோத்தமன் தோன்ற, அவள் அவனுக்கே மாலையிடுகிறாள். தோட்டத்துப் பெண்ணுக்குச் சுருங்கை அமைத்துத் தர எந்த முனிவரும் இல்லை. ஓர் ஆசிரியனின் சொல் அவளுக்கு அவ்வழியாக இருந்திருக்கலாம். நானே அதனை அடைத்தேன்.

1982 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டப்படி, இருவரும் மனமுவந்து இசைந்தனர் என்று உறுதியான பின்னரே பதிவாளர் மணத்தை நடத்திவைக்கலாம். ஆனால் பதிவாளர் முன் செல்லும் வேளையில் பெண்ணின் வாய் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். அவ்வினா முன்பே வீட்டில் எழ வேண்டும். பள்ளியிலும் எழ வேண்டும்.

'மனோன்மணீயம்' கற்பிக்கும் ஆசிரியர்களே, வாணிக்காக வகுப்பில் மட்டும் பேசாதீர்கள். அவள் உங்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கலாம்.